ஆகாயச் சட்டப்படி மலையேறியது

திருச்செங்கோடு தாலுகா,
தாரண வருஷம், மாசி 11

பட்டாளத்து ஆஸ்பத்திரி ஏரோப்ளேனில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அர்த்தநாரி அவர்களுக்கு, மாமன் நாச்சிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும், மாடுகள் நாலும், கிணற்றுத் தண்ணீரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் இரண்டு காதுகளும் சுகமா என்று தெரிய வேண்டும். காதைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். பேனா நான் இழுக்கிற பக்கம் வராமல் அது நினைத்த பக்கம் போகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிதான் ஓடுகிறது, அதற்குள் விரல் மரத்துவிடுகிறது. அறுபத்திரண்டு வயதில் ஆவணி மாதம் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய் சிலேட்டுப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்றால், நீங்கள் எனக்கு எழுதும் கடிதங்களைக் கண்ணாத்தாள்தான் வாசித்துச் சொல்வாள். "எல்லாம் சுகமுங்கப்பா, உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாருங்க" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். நாலு பக்கக் கடிதம் இரண்டு நிமிஷத்தில் எப்படி முடியும் என்ற யோசனைதான் என்னைப் படிக்க வைத்தது. தை பிறந்ததும் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் நானே படித்தேன். எனக்கு வந்தவற்றை மட்டும்தான். அவளுக்கு வந்தவற்றைத் தொடவில்லை. உறைமேல் பெயர் படிக்க இப்போது எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை, அதைப் படித்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. பர்மாச் சண்டையில் அடிபட்டவர்களை ஒரு தடவைக்குப் பதினெட்டுப் பேராகத் தூக்குக் கட்டிலில் அடுக்கி நீங்கள் கூடவே உட்கார்ந்து பறந்து வருவதும், மேலே போகப் போகக் காற்று இளைத்துப்போவதும், வயிற்றுக்குள் இருக்கிற காற்று மட்டும் அங்கே பெருத்து ஊதுவதும், அதனால் வயிற்றில் குண்டு பட்டவன் இருந்தால் பைலட் துரையிடம் சொல்லித் தாழப் பறக்கச் செய்வதும், முந்தின நாள் நீங்கள் மொச்சை, பயறு தின்னக்கூடாது என்பதும், இறங்கும்போது எச்சில் விழுங்க வேண்டும் என்பதும், சளி பிடித்தவன் பறக்கவே கூடாது என்பதும் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. எல்லாவற்றிலும் பெரிய அதிசயம், மூச்சுக்காற்றுக் குறைந்தவனுக்குக் குறைந்தது தெரியாது, காரணமில்லாமல் சிரிப்பான், எனக்கு ஒன்றுமில்லை என்பான், அவனைப் பெயர் எழுதச் சொல்லிப் பார்த்தால் குட்டு வெளிப்படும் என்று நீங்கள் எழுதியிருந்ததுதான். அதற்கடுத்த பக்கத்தில்தான் மகள் விழுங்கிய விஷயம் இருந்தது. சளியோடு பறந்து, காதில் ரத்தம் வந்து, அதை டாக்டரிடம் சொல்லாமல் மறைத்துவிட்டீர்கள். உங்களை நிறுத்திவிட்டால் அந்தப் பதினெட்டுப் பேருக்குத் துணை யார் என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள்.

அன்றைக்கே உங்கள் காதுக்காகத் திருச்செங்கோட்டு மலையேறி அர்ச்சனை செய்வதாக வேண்டிக்கொண்டேன். மலை என்றாலும் உயரம் உயரம்தானே. உங்கள் சட்டங்களை அப்படியே அமல்படுத்தினேன். முந்தின நாள் இரண்டு வீட்டிலும் கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு எதுவும் அடுப்பேறக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் அப்பா, சம்பந்தி சின்னண்ணன், அதற்காகவே ஒரு மைல் நடந்து வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, கொள்ளு இல்லாம என்ற ஊட்டுல ஒரு நாளும் அடுப்பு எரிஞ்சதில்லீங்க. ஏரோப்ளேன்ல போறவனுக்குச் சொன்னதை, கால்ல நடக்கறவன் எதுக்குங்க கேக்கோணும்?"

"வயிறு ஊதுமுங்க. உங்க பையன் எழுதியிருக்கறாரு."

"அவன் எழுதுனானாக்கும்," என்று மகன் பேரைக் கேட்டதும் அடங்கிப் போனார். உங்கள் அத்தை அத்தாயி மட்டும், "மொதல்லயே சொன்னேன், இந்த மனுசனுக்குப் படிப்பு வேண்டாமின்னு," என்று ரசத்தைக் கொதிக்கவிட்டாள்.

மறுநாள் மலையடிவாரத்தில் சம்பந்தி, அத்தாயி, கண்ணாத்தாள் ஒவ்வொருவரையும் நிறுத்தி மூக்கைச் சிந்தச் சொல்லிச் சளி இருக்கிறதா என்று பார்த்தேன். ஆளுக்கு ஒரு பிடி பொரி கொடுத்து, பத்துப் படிக்கு ஒருதரம் மென்று விழுங்கச் சொன்னேன். அப்படியே பாம்பு செதுக்கிய பாறையைத் தாண்டினோம். அங்கே சம்பந்தி சிரித்தார். மாப்பிள்ளை, உங்கள் கல்யாணப் பந்தலில்கூடப் பல்லைக் காட்டாத மனிதர் அவர். முகம் சிவந்து, ஒரு குரங்கைப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் குரங்கு போன பிறகும் சிரித்தார்.

"சம்பந்தி, உடம்புக்கு எப்படி இருக்குதுங்க?"

"எனக்கொண்ணுமில்லீங்க. பஞ்சாட்டம் இருக்குது. இன்னைக்கு ரெண்டு மலை ஏறுவனுங்க."

விரல்விட்டு எண்ணினேன். காரணமில்லாத சிரிப்பு ஒன்று, ஒன்றுமில்லை என்றது இரண்டு. ஒரு கரித்துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, படியில் பெயரை எழுதச் சொன்னேன்.

"கீழ இருக்கறப்பவே எனக்கு எழுத வராதுங்களே. மேல வந்தா மட்டும் வந்துருமாக்கும்?"

எழுத முடியவில்லை என்பது மூன்று. எதிரில் இறங்கி வந்த நாலு பேரை நிறுத்தி, இவருக்கு மூச்சுக்காற்றுக் குறைந்துவிட்டது, இறக்க வேண்டும் என்றேன். அவர்கள் நம்பவில்லை. "எழுத வராதது ஒரு நோவாங்க? நீங்க எழுதுங்க பாக்கலாம்," என்றார் ஒருவர். நான் உட்கார்ந்து என் பெயரை எழுதிக் காட்டினேன். ஆறு எழுத்துக்கும் இரண்டு படி பிடித்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் மெதுவாக, "இந்தப் பெரியவரையும் சேத்து எறக்கீருவோம், சாமி," என்றார்.

வேட்டியில் தூளி கட்டிச் சம்பந்தியைக் கிடத்தினோம். நீங்கள் எழுதியபடி இடுப்பில் துண்டால் வாரும் போட்டேன். அவர் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். என்னை ஒருவர் கையைப் பிடித்து, குழந்தையை நடத்துவதுபோல இறக்கினார். வேண்டாம் என்றால் அதையும் நோய் என்பார் என்று பேசாமல் வந்தேன். கண்ணாத்தாளும் அத்தாயியும் மட்டும் மேலே போய் அர்ச்சனையை முடித்தார்கள்.

அடிவாரத்து டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார். காய்ச்சல் நூற்று மூன்று. இடது நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆரம்பித்திருக்கிறது. காய்ச்சல் வேகத்தில்தான் அந்தச் சிரிப்பு. மலை உச்சிவரை ஏறியிருந்தால் இறக்கிக் கொண்டுவரத் தூளி போதாது, பாடைதான் வேண்டியிருக்கும் என்றார். மூன்று நாளாகச் சளி இருந்ததாம். நான் சோதித்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு பொய்யாகச் சிந்திக் காட்டினாராம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னா விட்டுட்டுப் போயிருவீங்க. என்ற பையனுக்கு வேண்டிக்கறப்ப நான் இல்லாம எப்படிங்க?"

டாக்டர் எங்கிருந்தோ வரவழைத்த வெள்ளை மாத்திரையில் இப்போது தேறிக் கஞ்சி குடிக்கிறார். மாப்பிள்ளை, உங்கள் கடிதம் இல்லாவிட்டால் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கூடச் சிரித்திருப்பேன். உங்கள் அப்பாவைக் காப்பாற்றியது நீங்கள். உங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த டாக்டருக்கும், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கும், தூளி சுமந்த, ஊர் பேர் தெரியாத அந்த நாலு பேருக்கும் நான் தினமும் கும்பிடு போடுகிறேன்.

ஆனால் உங்கள் அப்பா செய்ததைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். பதினெட்டுப் பேருக்குத் துணை என்கிறீர்கள். இறங்கும்போது காது வலியில் நீங்கள் சுருண்டுவிட்டால், அந்த நேரம் ஒருவனுக்குக் கட்டு அவிழ்ந்து ரத்தம் போனால் பார்ப்பது யார்? இந்தக் கடிதம் கண்டதும் டாக்டரிடம் காதைக் காட்ட வேண்டும். காட்டினேன் என்று எனக்கு எழுத வேண்டும். காது விஷயத்தை நான் படித்துவிட்டதைக் கண்ணாத்தாளிடம் சொல்லவில்லை, வேண்டுதல் பொதுவாக உங்கள் சுகத்துக்கு என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்; அவள் தினமும் உங்கள் போட்டோவின் காதைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் அர்த்தநாரீசுவரர் உங்கள் பக்கம் இருக்கட்டும். பைலட் துரைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மாமன் நாச்சிமுத்து

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் உங்கள் கார்டு வந்து, நானே படித்தேன். காதைப் போன மாதமே டாக்டரிடம் காட்டிவிட்டீர்கள், அவர் கோபித்துக்கொண்டு பறக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார், ஒரு மாத லீவில் வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறீர்கள். அப்படியானால் இந்தக் கடிதம் உங்களுக்கு வேண்டியதில்லை. அங்கே போய்ச் சேரும்போது நீங்கள் இங்கே கொள்ளு ரசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆனாலும் தபாலில் போடுகிறேன். எழுதப் பதினொரு நாள் ஆயிற்று, கிழிக்க மனம் வரவில்லை. அடுத்த வாரமும் எழுதுவேன். நீங்கள் என் எதிரில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். பரவாயில்லை, எழுதிக் கையில் கொடுக்கிறேன், மாப்பிள்ளையிடம் நேரில் இத்தனை பேச எனக்குக் கூச்சம்.