கம்பிச் சாமியாரின் மறுபிறவிக் கிட்டார்

கோமுகி அணைக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் செத்துப்போன கிட்டார்கள் மறுபிறவி எடுத்துக்கொண்டிருந்தன.

சிரிக்காதீர்கள். ஊரே கும்பிடும்போது நீங்கள் ஒருவர் சிரித்து என்ன ஆகப்போகிறது? எண்பத்தேழாம் வருஷம் அது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஓடாத நாளிலும், செவ்வாய்க்கிழமையென்றால் கொட்டகைக்குக் கூட்டம் வந்தது. சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வழி கிடைக்காத ஊரிலும் சாமியாருக்கு எப்படியோ வழி கிடைத்துவிடும்.

அவர் பெயர் நாதானந்தர். ஊர் வைத்த பெயர் கம்பிச் சாமியார். காவி கட்டுவதற்கு முன் சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் சேதி ஒன்றைப் பார்த்தார். அமெரிக்காவில் கிட்டார் செய்கிறவர்கள், அடிக்குரலில் 'தும்' என்று அதிரும், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தங்கள் பேஸ் கிட்டாரை அதே அளவில், அதே சாயத்தில் மறுபடியும் செய்து விற்கிறார்களாம். பாட்டரி வைத்த புது மாடல் பக்கத்திலேயே தூங்க, பழசின் நகலைச் சனங்கள் அதிக விலை கொடுத்து அள்ளுகிறார்களாம். வேறொருவர் படித்திருந்தால், "கெட்டிக்கார வியாபாரம்" என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார். நம் ஆள், "மறுபிறவி!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அப்புறமென்ன? புதுக் கிட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு மண்டலம் பூஜையில் வைப்பார். செத்துப்போன பழைய கிட்டாரின் ஆவி அதில் இறங்கும். திரும்பி வரும்போது சாயம் மங்கி, ஓரம் தேய்ந்து, கிழடு தட்டியிருக்கும். காணிக்கை தனி. கச்சேரிக்காரர்கள் மட்டுமா வந்தார்கள்? மறுபிறவிக் கிட்டாரின் 'தும்' வயிற்றில் இறங்கினால் கரு தங்கும், வாயு கலையும் என்று சொல்லி, வாசிக்கத் தெரியாதவர்களும் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் பூஜைக்கு முன்னால் வந்த அதே சத்தம்தானே வரும் என்கிறீர்களா? வந்தது. ஆனால் சாமியார் முன்கூட்டியே ஒன்று சொல்லி வைத்திருந்தார்: "பூர்வ ஜென்ம புண்ணியம் கம்மியானவன் காதுக்கு வித்தியாசம் தெரியாது." அதனால் எல்லோருக்கும் தெரிந்தது. யார் தனக்குப் புண்ணியம் கம்மி என்று ஒப்புக்கொள்வார்கள்?

ராஜதுரை அந்தச் செவ்வாய்க்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். மடியில் அவனுடைய பேஸ் கிட்டார். மேலே மலையில் வெள்ளிமலைக்காரன், பழங்குடி. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம், பசுமாட்டை விற்று வாங்கியது. பாட்டரி போட்ட புது மாடல். கள்ளக்குறிச்சி அரங்கநாதனின் இன்னிசைக் குழுவில் நான்கு வருஷமாக அதைத்தான் வாசித்தான். அடுத்த வாரம் சங்கராபுரம் திருவிழாக் கச்சேரி. அதில் அவன் நாற்காலிக்கு ஆபத்து வந்திருந்தது. அரங்கநாதனின் மச்சான் கண்ணாயிரம் போன மாதம் மறுபிறவிக் கிட்டாரோடு வந்து இறங்கியிருந்தான். அவனுக்குக் கம்பியைப் பிடிக்கக்கூட இன்னும் தெரியாது. ஆனால் கிட்டாருக்குத்தான் இருபத்தைந்து வருஷ அனுபவம் இருக்கிறதே!

"சாமி ஒரு வார்த்த சொல்லட்டும், முடிவு பண்ணிக்கலாம்," என்று குழுவையே அழைத்து வந்திருந்தார் அரங்கநாதன். அன்று காலையில்தான் மறியலில் உட்கார்ந்து, "பொறப்ப சொல்லி எங்கள ஒதுக்காத!" என்று தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்திருந்தார். தொண்டை இன்னும் கரகரத்தது.

சாமியார் கண்ணாயிரத்தின் கிட்டாரை வாங்கி, பின்னால் தொங்கிய திரைக்குள்ளிருந்து வந்த, மஞ்சள் துணி சுற்றிய வயரைச் செருகினார். ஒரு தட்டு. தகரக் கூரை அதிர்ந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு ராஜதுரையின் கிட்டாரை வாங்கி, அதே திரைக்குள்ளிருந்து வந்த வெள்ளை வயரைச் செருகினார். தகர டப்பாவுக்குள் வண்டு விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

ராஜதுரைக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன் கிட்டார் இப்படி முனகி அவன் கேட்டதே இல்லை. உண்மையிலேயே செத்துவிட்டதோ?

"பாட்டரி போட்ட கிட்டாரு, பொணத்துக்கு ஊசி போட்ட மாதிரி," என்றார் சாமியார்.

"நானும் மண்டலம் வெக்கிறேன் சாமி," என்றான் ராஜதுரை. குரல் இறங்கியிருந்தது.

சாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு?"

"வெள்ளிமலைங்க."

"மலையாளு கைக்கு மறுபிறவி தங்காதுப்பா. பூர்வ ஜென்மம் அப்பிடி. பொணத்த வூட்டுல வெச்சிக்காத, இங்கியே உட்டுட்டுப் போ. அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம்."

நான்கு வருஷ நாற்காலியும் பசுமாடும் ஒரே வாக்கியத்தில் போயின. அரங்கநாதன் பெருமூச்சு விட்டார். "நான் இன்னா பண்றது ராஜதுரை? சாமியே சொல்லிட்டாரு."

"சாமி, ஒரு சந்தேகம்."

குழுவின் பாடகி மணிமொழி. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல்.

"பொம்பளைங்க பூஜ கிட்டாரு கிட்ட வரக்கூடாது, தள்ளி உக்காந்துதான் கேக்கணும்!" என்றார் சாமியார்.

"வரல சாமி, இங்கியே நின்னுக்கினு கேக்கறேன். அந்த ரெண்டு வயரும் எங்க போவுது?"

"திரைக்குப் பின்னால ஒரே பொட்டிக்குத்தாம்மா."

"சரி. அருளு கிட்டார்ல கீதா, வயர்ல கீதா?"

"கிட்டார்லதான்! வயர்ல இன்னா கீது? வெறும் செம்பு."

"அப்ப வயர மாத்திப் போட்டுத் தட்டுங்களேன். எங்க மேடையில சத்தம் வரலன்னா மொதல்ல அதத்தான் பண்ணுவோம்."

ராஜதுரைக்குச் சுரீரென்றது. நான்கு வருஷமாக ஒவ்வொரு மேடையிலும் அவன் செய்வதுதான் அது. இங்கே காவியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அது தோஷம்," என்றார் சாமியார். நெற்றி வியர்த்து விபூதி இறங்க ஆரம்பித்தது. "மாத்தினா கை கால் இழுத்துக்கும்."

கதை இத்தோடு முடிந்திருக்கும். மணிமொழியைக் கூட்டமே வெளியே தள்ளியிருக்கும். சாமியாரைக் கவிழ்த்தது அவளல்ல, பக்தி. கண்ணாயிரத்தின் பக்தி.

"இவ வாய அடைக்கணும் சாமி!" என்று எழுந்தான் அவன். "என் கிட்டாரு எந்த வயர்ல போட்டாலும் பேசும். எனக்கு உங்க அருள் கீது, கை இழுக்காது!"

"வேணாம்டா கண்ணாயிரம்..."

"நீங்க சும்மா இருங்க சாமி. இன்னிக்கு அவளா நீங்களான்னு பாத்துடலாம்!"

சாமியார் தடுக்கக் கை நீட்டுவதற்குள் இரண்டு வயரையும் பிடுங்கி மாற்றிச் செருகிவிட்டான். கையும் இழுக்கவில்லை, காலும் இழுக்கவில்லை. தன் கிட்டாரை ஓங்கித் தட்டினான். தகர டப்பா வண்டு.

ராஜதுரை எழுந்தான். தன்னுடையதை எடுத்தான். மஞ்சள் வயர் அதில் இருந்தது. ஒரே ஒரு கம்பி. கூரைத் தகரம் மட்டுமல்ல, சாமியாரின் சொம்பும் நடுங்கியது.

இப்போது கூட்டத்துக்குப் புரிந்திருக்க வேண்டும் அல்லவா? என்ன நடந்தது தெரியுமா? பின்னாலிருந்து ஒருவர், "மலையாளு கிட்டாருக்கும் அருள் வந்துடுச்சுடா!" என்று கூவி, ராஜதுரையின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இன்னும் இரண்டு பேர் விழத் தயாரானார்கள்.

"எழுந்திரிங்கய்யா, சட்ட அழுக்காவுது," என்று சொல்லிக்கொண்டே மணிமொழி நடந்துபோய்த் திரையை இழுத்தாள்.

திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். மஞ்சள் வயர் போனது ஆள் உயரப் பெட்டிக்கு. வெள்ளை வயர் போனது ஒரு பழைய ரேடியோவின் ஸ்பீக்கருக்கு. பக்கத்தில் பிறவி மாற்றும் பூஜைச் சாமான்கள்: உப்புத்தாள், சைக்கிள் செயின், ஒரு பானை நிறைய டீத்தண்ணீர். பாதி கிழடாகிய ஒரு கிட்டார் பானையில் தலை குப்புறக் கிடந்தது.

"மறுபிறவி... பெட்டிக்குத்தான் வந்திருக்கு," என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார் சாமியார். கண்ணாயிரம்தான் முதலில் அவர் தாடியைப் பிடித்தான். அது பிடியோடு வந்துவிட்டது. காணிக்கையைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் கூட்டம் அவரை நகர விடவில்லை. வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தவர்கள் மட்டும் அவசரமாகச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்கள்.

அரங்கநாதன் செருமினார். "பயல் ஏமாத்திட்டான். சரி ராஜதுரை, சங்கராபுரத்துல யாரு வாசிக்கறதுன்னு வூட்டுக்குப் போயி யோசிச்சு..."

"இன்னும் இன்னா யோசனண்ணே?" என்றான் ராஜதுரை. இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. "சாமி பொய்யி, கிட்டாரு பொய்யி, வயரு பொய்யி. அந்த ஆளு சொன்ன என் பூர்வ ஜென்மம் மட்டும் நெஜமா? காலையில ரோட்டுல உக்காந்துக்கினு இன்னா கத்தினீங்க?"

அரங்கநாதன் மணிமொழியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். அவர் கண்ணாயிரத்தைப் பார்த்தார். அவன் தேய்ந்துபோன தன் புதுக் கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயே வாசி," என்றார்.

"சங்கராபுரத்துக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்டா!"

வயரை மாற்றிப் பார்க்க ஒரு நொடிதான் ஆயிற்று. அதைக் கேட்க அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது. இனியும் எவராவது வந்து உங்கள் முன்பிறவியைப் பற்றிப் பேசினால், தயவுசெய்து உங்கள் மூளைக்கு ஒரு மறுபிறவி கேட்டுக் கும்பிட்டுவிடாதீர்கள். அதன் முதல் பிறவியையே நம்மில் பலர் இன்னும் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறோம்.