மறுபிறவி எடுத்த கெட்டில்

கொசுவில் எத்தனை வகை உண்டோ, அத்தனை வகை பரிசு கொடுப்பவர்களிலும் உண்டு. உறையில் பணம் வைத்து நீட்டுகிறவர் சாது. தமக்கு வந்ததையே மேல்காகிதம் மாற்றித் தள்ளிவிடுகிறவர் சமர்த்து. ஆபத்தான இனம் ஒன்று இருக்கிறது: பழைய சாமான் கடையில் பொறுக்கியதைத் தம் கையாலேயே பரிசாக்கித் தருகிற மறுபிறவிக்காரர்.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். சனிக்கிழமை வந்தால் பழைய சாமான் கடைக்குள் நுழைந்து, காதில்லாத கோப்பை, காலொடிந்த ஸ்டூல், மூடியைப் பிரிந்த ஜாடி என்று ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டி, வெளிச்சத்தில் பிடித்து, "உன்னை யாருக்கும் புரியலை" என்று அதனிடமே சொல்லி வீட்டுக்கு அழைத்து வருவார். அப்புறம் சணல் கயிறு, பசை, தங்கப் பெயிண்ட். மூன்றும் சேர்ந்தால் எந்தப் பொருள்தான் தப்பும்?

கொடுத்த கையோடு ஒரு கேள்வி வேறு: "இது முதல்ல என்னவா இருந்தது, சொல்லுங்க பார்ப்போம்?" யாரும் சரியாகச் சொன்னதில்லை. இப்போது என்ன என்பதே விளங்காதபோது, முதலில் என்ன என்று எப்படிச் சொல்வார்கள்?

அவருக்கும் ஓர் ஏக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் கண் தம் படைப்பைத் தேடும். அது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சோப்புத்தூள் சுமந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு வீட்டுக் கூடத்தில், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கக் கூடாதா? தங்கை புது வீட்டுக்குக் குடிபோனபோது அந்த ஆசை முற்றிவிட்டது.

கடையில் அகப்பட்டது சணல் சுற்றிய ஒரு பூச்சாடி. யாரோ ரசனையுள்ள ஆள்தான், முடிக்கத் தெரியவில்லை என்று கடைக்காரரிடம் வருத்தப்பட்டு வாங்கி வந்து, சணல்மேல் சிப்பி, சிப்பிமேல் தங்கம் என்று ஒரு வாரம் உழைத்து மேஜைவிளக்காக்கினார்.

தங்கை பிரித்தாள். கேள்வி வந்தது.

"முதல்ல டீ கெட்டில்," என்றாள். "அப்புறம் பூச்சாடி. போன வருஷம் நீ எனக்குக் கொடுத்தியே அண்ணா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வருமா என்று ஆராய்ந்தார். ஊருக்கே பார்வை கொடுக்கிறவர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ கடைக்கு எதுக்கும்மா அலையறே? இனிமே நேரா என்கிட்டயே கொடுத்துடு. இன்னும் நல்லா பண்ணித் தரேன்."

குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தக் குரலுக்குத்தான் தங்கை தோற்றாள். டிவிக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி ஜாடியை அகற்றி, விளக்கை அங்கே வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அகற்றிய ஜாடி? அவர் பையில் போயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் காலியான ஜாம் பாட்டிலைக் கழுவித் துடைத்து, "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று அலமாரியில் வைத்தீர்களே, அது யாருடைய பிறந்தநாளுக்கு?