ரசக் கையோடு ஒரு கையெழுத்து

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத ஆளா இல்லை? பத்தாம் வகுப்புக் கணக்கில் கவிழ்ந்து, ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஷிஃப்ட் பார்க்கிற நான்தான் கிடைத்தேனா? ஷிஃப்ட் முடிந்து வந்தால் எனக்குப் பாயைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நான் எழுதாமல் விட்டால் வேறு யாராவது இவரைப் பற்றி மரியாதையாக எழுதித் தொலைத்துவிடுவார்கள். அந்த அநியாயம் நடக்கக் கூடாது.

ஓசூரில் தொடங்கி கிருஷ்ணகிரி வரைக்கும் ரவுடி, வட்டிக்காரன், ஓட்டுக் கேட்க வருகிறவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அரசாங்க அதிகாரிகளைப் பின்வாசல் வழியாக ஓடவைத்த ஒரே மனிதர் எங்கள் சாம்பிள் அண்ணன்தான். கையில் அரிவாள் கிடையாது. ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில், அதில் பாதிக்குத் தண்ணீர். அவ்வளவுதான் ஆயுதம்.

சூளகிரியைத் தாண்டி ஹைவே ஓரத்தில் அவருக்குப் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டி ஓடை. ஓடையின் மேல்புறத்தில் ஒரு பிளேட்டிங் கம்பெனி. இரும்புச் சாமானுக்குப் பளபளப்பு ஏற்றுகிற இடம். ஏற்றியது போக மிச்சமெல்லாம் ஓடைக்கு.

அவர் சண்டை ஆரம்பித்ததே ஒரு ட்யூபில்தான். என் கூட்டாளி சலீம் வீட்டில் மாங்காய் மண்டி. அவனுடைய மினி டெம்போ டயர் இறங்கிப்போய், ட்யூபைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கடைக்குப் போனோம். அண்ணன் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கினார். குமிழி வருகிற இடத்தில் ஓட்டை. பஞ்சர் சாஸ்திரமே இவ்வளவுதான். அன்றைக்கோ எங்கே அமுக்கினாலும் குமிழி. தொட்டி முழுக்க நுரை.

“என்னாண்ணா, ட்யூபா சல்லடையா?” என்றான் சலீம்.

அண்ணன் ட்யூபை வெளியே எடுத்துப் போட்டார். தொட்டி அப்போதும் நுரைத்துக்கொண்டுதான் இருந்தது.

“ட்யூபுக்கு ஒரு பஞ்சருதாண்டா. தண்ணிக்குத்தான் ஒடம்பெல்லாம் பஞ்சரு.”

தொட்டியில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். அவர் வீட்டில் குடிப்பதும் அதைத்தான்.

மறுநாளே ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்கிற மாசு ஆபீசுக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அங்கே இருந்த ஆபீசர் நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் முடியாது என்று சொன்னார்.

“ஐயா, நீங்க புடிச்சா அது தண்ணி. நாங்க புடிச்சாத்தான் சாம்பிள்.”

“ஓட ஒண்ணுதானுங்களே சார்?”

“ஓட ஒண்ணுதான். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? நாங்க நேர்ல வரணும். கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லிட்டு, அவங்க முன்னாடி எடுக்கணும். ரெண்டாப் பிரிச்சு சீல் வெச்சு, அவங்களும் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் கோர்ட்டுல நிக்கும்.”

“திருடன் கையெழுத்துப் போட்டாத்தான் அது திருட்டுங்களா சார்?”

ஆபீசர் தன்னுடைய டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு சாம்பிள் என்று பெயர். வைத்தது நான்தான். வேறு எந்த வேலைக்கும் எனக்கு இவ்வளவு பாராட்டு கிடைத்ததில்லை.

பாட்டில் அவருடைய உடம்போடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பாட்டில், கல்யாணப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் பாட்டில். அவர் சம்சாரம் தெலுங்குக்காரி. “நீக்கு பெள்ளாம் நேனா, பாட்டிலா?” என்று கடைவாசலில் நின்று கத்தும். உனக்குப் பெண்டாட்டி நானா, பாட்டிலா என்று அர்த்தம். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அதனால் இன்னும் இரண்டு திட்டு விழும்.

கிணறு பஞ்சாயத்து என்றார்கள். ஓடை வேறு டிபார்ட்மென்ட் என்றார்கள். ஒரு பெரிய அதிகாரி, “நுரையெல்லாம் மேல கர்நாடகாவுல இருந்து வருதுய்யா” என்று முடித்துவிடப் பார்த்தார்.

“சார், கர்நாடகா மேக்கால இருக்குது. எங்க ஓட கெழக்கால இருந்து வருது. சுத்திக்கினா வருது?”

இன்னொரு ஆபீசில் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். நல்ல வெயில் நேரம். குடிதண்ணீர் என்று நினைத்து அங்கிருந்த கிளார்க் எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டார். குடித்ததை அப்படியே ஃபைல்மேல் துப்பினார். “விஷம் வெச்சுட்டான்! என்னக் கொல்லப் பாக்கறான்!” என்று கூச்சல். போலீஸ் வந்தது. வேறு ஆளாக இருந்தால் நடுங்கியிருப்பான். எங்கள் அண்ணன் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

“விஷம்னே எழுதுங்க சார். எங்க ஓடத் தண்ணி விஷம்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. நல்லா எழுத்து தெரியற மாதிரி எழுதுங்க. என்னை வேணும்னா உள்ள வெச்சுக்கங்க.”

கிளார்க்கின் வயிறு உடனே சரியாகிவிட்டது. புகாரை வாபஸ் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, “எழுதறதுக்குள்ள கெளம்பிட்டாண்டா” என்று புலம்பியதை நான் கடைத்தெரு முழுக்க நடித்துக் காட்டினேன். மாசு விஷயம் பேசுகிற ஆபீஸ்களில் அவர் தலை தெரிந்தாலே பின்வாசல் திறக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மனுமேல் மனுவாகக் கொடுத்து, ஒருவழியாக மாசு ஆபீசர் ஜீப்பில் வந்தார். யார் யாருக்குச் சொன்னார்களோ தெரியாது, அன்றைக்கு ஓடையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கம்பெனி வாசலில் புதிதாகச் செடி நட்டிருந்தார்கள். நட்ட செடியில் நர்சரி சீட்டு இன்னும் தொங்கியது. சட்டப்படி சாம்பிள் எடுத்தார்கள், சட்டப்படி சீல் வைத்தார்கள். சட்டப்படி அது நல்ல தண்ணீர்.

ஜீப் போனதும் ஓடை பழைய கலருக்கு வந்தது.

“ஞாயித்துக்கெழமதாண்டா நல்லா தொறந்து வுடறானுங்க” என்றார் அண்ணன். “அன்னிக்கு ஆபீசு லீவு.”

இதுவரைக்கும் எழுதியதெல்லாம் நான் சிரித்த கதை. இனிமேல் வருவதற்கும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு ஒரு மாதிரி வந்தது.

அண்ணன் சம்சாரத்துக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். கிட்னி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். அங்கேயும் அண்ணன் பாட்டிலோடுதான் போனார். “இந்தத் தண்ணியாலதான்னு எழுதிக் குடுங்க டாக்டர்” என்று கேட்டார். எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் உண்மையைச் சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தம்மா கையை ஆட்டியது: “அந்தப் பாட்டில வெளிய வெச்சுட்டு வாய்யா. கொஞ்ச நேரம் என்கூட ஒக்காரு.”

வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கையில் பாட்டில் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அந்தம்மா அதிக நாள் இல்லை.

எழவு வீட்டில் அழாமல் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூளை கலங்கிவிட்டது என்று சலீம் பயந்தான். கலங்கவில்லை. கருமாதி ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறதா என்று பார்த்திருக்கிறார். விழுந்தது. நேராக மாசு ஆபீசுக்குப் போய், ஆபீசர் கையில் கருமாதிப் பத்திரிகையை வைத்தார்.

“சார், எத்தினியோ வாட்டி ஆபீசராக் கூப்புட்டேன். இந்த வாட்டி மனுஷனா வாங்க. ஓடக்கரையிலதான் காரியம்.”

கல்யாணப் பத்திரிகையைத் தட்டலாம். கருமாதிக்குக் கூப்பிட்டால் எங்கள் பக்கத்தில் யார் தட்டுவார்கள்? ஆபீசர் வந்தார். வெள்ளைச் சட்டை, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். அவர் வருகிறார் என்று கம்பெனிக்கு யாரும் சொல்லவில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவரைப் பற்றி யார் யாருக்குச் சொல்வார்கள்?

ஐயர் மந்திரம் சொல்லி, “ஓடையில முழுகிட்டு வாங்க” என்றபோது தண்ணீர் வந்தது. மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. ஒரு வாடை, தொண்டையில் பிளேடு வைத்த மாதிரி. சொந்தக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கரை ஏறிவிட்டார்கள். ஐயரே, “தலையில தெளிச்சுண்டா போறும்” என்றார். அண்ணன் இறங்கினார். முழுதாக முங்கி எழுந்தார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவக்க, நுரை வழிய வந்து ஆபீசர் முன்னால் நின்றார்.

“சார். இப்பப் புடிங்க.”

ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “இன்னிக்கு லீவு, பாட்டில் இல்ல, சீல் இல்ல...” என்று ஆரம்பித்தவர், அண்ணனுடைய கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். போனை எடுத்து அசிஸ்டென்ட்டைக் கூப்பிட்டார். அவர் வருவதற்குள் கரைமேல் பந்தி ஆரம்பித்துவிட்டது. பெட்டி வந்தது, அரக்கு வந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆபீசர் சுற்றிப் பார்த்தார்.

“கம்பெனி ஆளு ஒருத்தர் முன்னாடி இருக்கணும். கேட்டுல யாரு?”

கேட்டில் யாரும் இல்லை. கேட் வாட்ச்மேன் இங்கேதான் பந்தியில் இருந்தார். அவருடைய சைக்கிளுக்கு அண்ணன் காசு வாங்காமல் பஞ்சர் ஒட்டுவார். அந்த நன்றிக்குச் சாப்பிட வந்திருந்தார். இலையிலிருந்து கையைத் தூக்கி, “நாந்தான் சார் கம்பெனி ஆளு” என்றார் பெருமையாக. கம்பெனி ஆள் என்று அவரை யாரும் அதுவரை கேட்டதே கிடையாது. ரசக் கையோடு கையெழுத்துப் போட்டார். சீல் வைத்த பாட்டிலை ஜீப்பில் ஏற்றுகிறவரைக்கும் அண்ணன் ஈர வேட்டியோடு நின்றார். பிறகுதான் அழுதார்.

ரிசல்ட் வந்தது. தண்ணீரில் இருக்கக் கூடாதது எல்லாம் இருந்தது. கம்பெனியை மூட ஆர்டர் போட்டார்கள். ஊரே அண்ணனைத் தூக்கிவைத்து ஆடியது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அவர்களுடைய வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சட்டம் சொல்வது கம்பெனிக்குப் பொறுப்பானவர் முன்னிலையில். வாட்ச்மேன் எப்படிப் பொறுப்பானவர்?

சாம்பிள் செல்லாது என்றாகிவிட்டது. ஆபீசருக்கு மாற்றல் வந்தது. வாட்ச்மேனுக்கு வேலை போனது. இப்போது அவர் அண்ணன் கடையில்தான் காற்றடிக்கிறார். கம்பெனி ஓடுகிறது.

ஆனால் அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அண்ணன் கிணற்றோரம் ஒரு போர்டு நட்டார்கள். சிவப்புப் பெயிண்டில், ‘இந்த நீர் குடிப்பதற்கு உகந்ததல்ல.’ வெள்ளிக்கிழமையானால் அண்ணன் அந்தப் போர்டைத் துடைத்து, ஒரு முழம் பூ சாத்துகிறார்.

“என்னாண்ணா, போர்டு மாரியம்மனா?” என்று வழக்கம்போல் சீண்டினேன்.

“கவர்மெண்டு எங்களுக்காகச் சொன்ன ஒரே வார்த்தடா அது. அவ இருந்தப்ப சொல்லியிருக்கலாம்.”

நான் துணியை வாங்கிப் போர்டின் மறுபக்கத்தைத் துடைத்தேன். நானாக ஒரு வேலையைத் தொடுவது அபூர்வம். அதைப் பார்த்து அவரே பாவப்பட்டுப் பேச்சை மாற்றினார்.

“டேய், வருசத் தெவசம் வருதுல்ல? புது ஆபீசருக்குப் பத்திரிக வெச்சுட்டேன். கம்பெனி மேனேஜருக்கும் வெக்கணும். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து எலையில ஒக்காரணும்.”

“மேனேஜர் வருவாராண்ணா?”

“வரலன்னா அடுத்த வருசம். அவளுக்கு வருசா வருசம் தெவசம் வரும்டா. அவனுங்களுக்கு லீவு வர்ற மாதிரி.”

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். கண் இன்னமும் கொஞ்சம் சிவப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு முழுகியதிலிருந்து சரியாகவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து, ‘ரொம்பக் கிண்டல் பண்ணிட்டனாடா, படிச்சுச் சொல்லு’ என்று சலீமுக்கு போனில் அனுப்பினேன். மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டே படித்திருப்பான் போல. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது:

“நல்லாத்தான் இருக்குது, ஆனா இந்த வாரம் அண்ணனுக்குத் தண்ணி கேன் போடறது உன் மொற, மறந்து தூங்கிடாத.”