என் நாத்தனார் யாரையும் கொல்லவில்லை

மரியாதைக்குரிய நாத்தனார் அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன், மருமகள், என் முழங்கால் வலி எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமையாக, நீங்கள் வழக்கமாகப் பேசும் காலை பத்து மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது அடிக்கவில்லை. ரிப்பேராக இருக்குமோ என்று எதிர்வீட்டுத் தையல்காரியை விட்டு ஒருமுறை அடிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் அடிக்கிறது.

அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். மருமகளை எழுதச் சொன்னால் அவள் அதையும் படம் பிடித்துவிடுவாள். இதுவரை நீங்கள், உங்கள் என்று எழுதியதற்கே விரல் வலிக்கிறது. இனி நீதான். கோபித்துக்கொள்ளாதே பாப்பா. எழுபத்தொரு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட உன் அண்ணன் போனபிறகு நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏழரை மணித் தொடர் உனக்குத் தெரியும். பெரிய வீட்டு முதலாளி செத்துக் கிடக்கிறார், யார் மருந்தைக் கலந்தது என்று இருநூற்றுப் பதினாலு நாளாகத் தேடினார்கள். எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். அந்த முதலாளியின் தங்கை மட்டும் யாருக்கு என்ன துக்கம் வந்தாலும் ஒரு டம்ளர் பாலோடு வந்து நிற்பாள். கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் நாற்பதாவது நாளே, "பாட்டி, இந்தப் பால் டம்ளர்தான் ஆளைக் காலி பண்ணியிருக்கும்" என்றான். "உன் புத்தி ஃப்யூஸ் போன புத்தி, அவ முகத்தைப் பாரு" என்று அவனைத் திட்டி அனுப்பினேன். நீயும் போனில் அவளைச் சந்தேகப்பட்டாய், ஏழாம் தேதி, நீ துணி மடித்துக்கொண்டே பேசினாய். உன்னையும் திட்டினேன். அவளுக்காக நான் ஊரோடு சண்டை போட்டேன் பாப்பா. வில்லி யார் என்று காட்டும் அன்று பார்த்தால் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பால் டம்ளரே வருகிறாள்.

அந்த நிமிடத்தில் வீட்டுப் பெரியவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று படம் பிடித்து ஊருக்குக் காட்டுவது இப்போது வழக்கமாம். மருமகள் காலையிலிருந்தே பூப்போல் நடந்துகொண்டாள், இரண்டாவது முறை காபி கேட்டதற்கும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். அலமாரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவில்லை. "அடிப்பாவி, உன்னை நம்பி நாலு பேர்கிட்ட பேச்சு வாங்கினேனே" என்று டிவியைப் பார்த்து ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெயராகப் போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரி, என் ரவிக்கைக் கையை இரண்டு விரற்கடை குட்டையாக வெட்டிவிட்டு இன்றுவரை ஒத்துக்கொள்ளாதவள், "நாத்தனாருங்கன்னாலே இப்படித்தானா பாட்டி?" என்று எடுத்துக் கொடுத்தாள். எனக்கு ஆத்திரம் டிவிக்காரி மேல். வாய் உன் மேல் திரும்பிவிட்டது.

என்ன சொன்னேன் என்று நீ பார்த்திருப்பாய். ஊரே பார்த்ததே. கல்யாணமான மூன்றாம் நாள் என் பெட்டிச் சாவியை நீ ஒளித்து வைத்ததைச் சொன்னேன். அது உண்மை, அதை நான் திரும்பப் பெறமாட்டேன். குடும்பப் போட்டோவில் நீ எனக்கு முன்னால் வந்து நின்று என் இடது காது மட்டும் தெரியும்படி செய்ததைச் சொன்னேன். அது ஸ்டுடியோக்காரன் உன்னைத் தோளைப் பிடித்து நிறுத்தியது, அதற்கு மன்னித்துவிடு. மூன்றாவதாகத்தான் அந்தப் பேச்சு வந்தது. "எம்மனுஷன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, குளிச்சிட்டு வாங்கன்னு என்னை வீட்டுக்கு அனுப்பிட்டா. நான் திரும்புறதுக்குள்ள அவர் போயிட்டார். இவளும் மருந்துக்கடையில முப்பது வருஷம் மாத்திரை எண்ணினவதான்" என்று சொல்லிவிட்டேன். மாத்திரைக்கும் அதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை பாப்பா. இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. கேட்டவர்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் சாயந்திரம் மருமகள் ஓடிவந்து, "அத்தை, உங்களை மூணு லட்சம் பேர் பார்த்துட்டாங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் அவர்கள் எழுதியதைப் படிக்கச் சொன்னேன். தொடரைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்தப் பாட்டியின் நாத்தனாரை விசாரிக்க வேண்டும் என்று ஒருவன். டம்ளரைப் பத்திரமாக எடுத்து வைத்தீர்களா என்று ஒருத்தி. மருந்துக்கடைப் பழைய நோட்டுகளைப் பார்த்தால் உண்மை வெளியே வரும் என்று யாரோ வேலைவெட்டி இல்லாதவன் ஒரு பக்கம் எழுதியிருந்தான். உனக்கு 'மாத்திரை அத்தை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

உடனே அழி என்றேன். அவள் அழித்தாள். "ஆனா எட்டுப் பேர் அதை எடுத்து அவங்கவங்க இடத்துல போட்டுட்டாங்க அத்தை, பாட்டு வேற சேர்த்திருக்காங்க" என்றாள். சரி, என் பெயரில் பதில் எழுது என்று, 'என் நாத்தனார் நல்லவள், அவள் யாரையும் கொல்லவில்லை, இப்படிக்கு அண்ணி' என்று எழுதவைத்தேன். கால் மணி நேரத்தில் கீழே வந்து விழுந்தது பதில்: 'பாட்டியை மிரட்டிவிட்டார்கள் போல.' அதற்கு ஆயிரம் பேர் தலையாட்டியிருந்தார்கள். நல்லது சொன்னாலும் வழக்கு பலமாகிறது பாப்பா. இனி நான் வாயைத் திறந்தால் உன்னைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் கஷ்டப்பட்டு மௌனமாக இருந்தேன். வீட்டில் எனக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரைக் கூப்பிடப் போனார்கள்.

அப்புறம்தான் உன் மகன் பேசினான். அவன் வேலை செய்கிற பஸ் ஒர்க்‌ஷாப்பில் டிபன் டப்பாவைத் திறந்தால் "அம்மா செஞ்சதா, நீயே முதல்ல சாப்பிடு" என்கிறார்களாம். அதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னான். "பக்கத்து வீட்டு அம்மா விளையாட்டுக்குத்தான் டீயை மோந்து பார்த்தாங்க அத்தை. அம்மாவும் சிரிச்சாங்க. அன்னையிலருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா டீ போடுறதில்ல. தண்ணிகூட அவங்களையே எடுத்துக்கச் சொல்றாங்க." வாசலில் தபால்காரர் வந்து நின்றால்கூட ஏதாவது குடிக்கக் கொடுக்காமல் விடாதவள் நீ.

உன் கண் ஆபரேஷன் வருகிற ஏழாம் தேதி. ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. இங்கே இரண்டு வாரம் தங்குவதாகப் பேசி, ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு நான் புது மெத்தை உறை தைக்கக் கொடுத்தேன், அதையும் தையல்காரி குட்டையாகத் தைத்துவிட்டாள். இப்போது லாட்ஜில் அறை பார்க்கச் சொன்னாயாமே. லாட்ஜில் யார் உனக்கு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து போடுவார்கள்? ரூம்பாயா? நான் போடுகிறேன். என் கை நடுங்காது. பழிவாங்குகிறேன் என்று அந்த மூன்று லட்சம் பேரும் எழுதினால் எழுதட்டும்.

பாப்பா, உனக்கும் எனக்கும் சண்டை ஐம்பத்திரண்டு வருஷம். ஒவ்வொன்றும் எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. ஆனால் அது நம் வீட்டுச் சண்டை. முகம் தெரியாதவர்கள் கையில் கொடுக்க அது என்ன பொதுச்சொத்தா? உன் அண்ணன் எந்தப் பக்கம் வகிடு எடுப்பார் என்று சண்டை போடக்கூட இனி உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. அந்த ஆஸ்பத்திரி விஷயத்தையும் மனசார மன்னித்துவிட்டேன். நான் மூன்று நாள் குளிக்காமல் கிடந்ததைப் பார்த்து, நல்லதை நினைத்துத்தான் நீ என்னை வீட்டுக்கு அனுப்பினாய். பதினோரு வருஷம் அதை மனதில் வைத்திருந்தது என் தப்பு. நீ செய்ததை நான் மறந்தேன், நான் சொன்னதை நீ மற. ஆறாம் தேதியே வந்துவிடு.

உன் கண் நன்றாகத் தெரியட்டும், உன் மகனுக்கு நல்ல இடம் அமையட்டும், பேச்சு பேசியவர்கள் வாயெல்லாம் புண்ணாகட்டும் என்று வாழ்த்தி, எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு. உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். மன்னித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிட்டுப் படி. நீ என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆறே முக்காலுக்கு நான்தான் குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். "இருங்க அண்ணி, அண்ணன் மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்று நீ சொன்னாய். அரை மணி நேரம்தானே என்று கிளம்பினேன். அன்றைக்கு வேறொரு தொடரில் கொலைகாரன் யார் என்று காட்டுவதாக இருந்தது. நான் குளிக்கவே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவன் முகத்தைக் காட்டாமல் நாளைக்கு என்று போட்டுவிட்டார்கள், அப்போதுதான் உன் போன் வந்தது. நான் திரும்பி வந்து நின்றபோது எங்கே போனாய் என்று உறவு ஜனம் கேட்டது. நீ முந்திக்கொண்டு, "நான்தான் அண்ணியைக் குளிக்க அனுப்பினேன்" என்றாய். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நடந்தும், இந்த மூன்று வாரத்தில்கூட நீ யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. இதை மருமகள் படம் பிடிக்கிற அந்தப் போனுக்கு முன்னால் உட்கார்ந்து அப்படியே சொல்லப்போகிறேன். மருமகள் இப்போதே தயார் என்கிறாள். கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும், அதுவரை பொறு என்றேன். ஏன் என்று கேட்டாள். போய் வேலையைப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.