கொழுப்பு கரைகிற வேகம்

ரொட்டிக்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே சபதம் எடுத்தார். எதிர்வீட்டு வானொலிக்காரரோடு தன் மனைவி நடைபயிற்சி போவதை ஒரே வாரத்தில் நிறுத்திக் காட்டுவது!

ரொட்டி ஆலையில் ராத்திரி முழுக்க அடுப்போடு சேர்ந்து வெந்துவிட்டு, விடிந்த பிறகு வீடு திரும்புகிற மனுஷன் அவர். முன்பெல்லாம் அவர் சாப்பிட்டு எழும்வரை மனைவி எதிரே உட்கார்ந்திருப்பாள். இப்போது மூடிவைத்த தட்டு மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணால் வந்த வினை. மாதவிலக்கு நின்றதிலிருந்து மனைவியின் இடுப்பு எல்லையை விஸ்தரித்துக்கொண்டே போனது. அந்தப் பெண் இவளுக்கு முகமூடி மாட்டி, நகராத சைக்கிளை மிதிக்கவைத்து, விடுகிற மூச்சை அளந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"மூச்சு வாங்க ஓடினா உடம்பு சர்க்கரையைத்தான் அதிகம் எரிக்குதாம். பேசிக்கிட்டே நடக்கற வேகத்துலதான் எனக்குக் கொழுப்பு கரையுதாம்" என்றாள் மனைவி.

"சரி, பேசிக்கிட்டே நட."

"தனியாப் பேசிக்கிட்டு நடந்தா வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க வாங்களேன்."

"நானா? ராத்திரி பூரா நின்ன காலு இது."

"அப்ப எதிர்வீட்டு சாரைக் கேக்கறேன். அவரையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காராம்."

கேட்டே விட்டாள். அவர் காலமெல்லாம் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். வெள்ளச் சேதத்தைச் சொன்னால்கூட ஊரே சொக்கிப்போய்க் கேட்கும் குரல். நம்மவரோ மனைவியிடம் 'உப்பு', 'துண்டு', 'விளக்கை அணை' என்று தந்தி அடிப்பதோடு சரி.

போகப்போக மனைவியின் ரவிக்கை தொளதொளத்தது. முகம் பளபளத்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். அவளுக்குக் கொழுப்பு எரிந்தது. இவருக்கு வயிறு எரிந்தது.

சபதத்தின் முதல் வேலையாக, தூக்கத்தைத் தியாகம் செய்து பூங்காவில் பின்தொடர்ந்தார். மரத்துக்கு மரம் பதுங்கினார். கவிதை ஏதாவது காதில் விழுமென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம்?" என்றது அந்தக் குரல்.

"அப்புறம் என்ன சார், ஈரத்துண்டை மெத்தை மேலயே போடறாரு."

"அடடா. அப்புறம்?"

"தின்ன தட்டு மேசையிலயே காயும். வாய் திறந்து கேட்டாத்தான் எடுப்பாரு. கேட்டா கோபம் வேற வரும்."

"அப்படியா! அப்புறம்?"

அரைமணி நேரமும் இவர் புராணம்தான். காதல் இல்லை என்பதில் ரொட்டிக்காரருக்கு நிம்மதி. ஆனால் அந்த 'அப்புறம்' மட்டும் முள்ளாய்த் தைத்தது. அப்படி ஒரு வார்த்தை தான் எப்போது கேட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அங்கேயே திட்டம் உதித்தது. தன் குற்றங்குறைதான் அவளுக்குப் பேச்சு. குறை தீர்ந்தால் பேச்சு தீரும். பேச்சு தீர்ந்தால் நடை நிற்கும். மறுபடி சாப்பாட்டு மேசைக்கு எதிரே அவள்!

அன்றே துண்டு கொடிக்குப் போனது. தட்டு தானாகக் கழுவிக்கொண்டது போல மின்னியது. தினமும் மரம், செடி என்று பதுங்கி நின்று அன்றைய குறையைக் கேட்பது, வீட்டுக்கு ஓடி அதை ஒழிப்பது. குளியலறை பளிங்கானது. செருப்புகள் ஜோடி சேர்ந்தன.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், என் வீட்டு வேலையை நான் செய்யக் கூடாதா?"

"ஐயோ, தாராளமாச் செய்ங்க" என்றவள், வேலை குறைந்த சந்தோஷத்தில் மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே நடக்கக் கிளம்பினாள்.

வாரக் கடைசி. கண்ணெல்லாம் சிவக்க, ரொட்டிக்காரர் பூச்செடிக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

"இன்னிக்கு என்னம்மா?" என்றார் வானொலிக்காரர்.

மனைவி நடையைத் தளர்த்தினாள். "அதான் சார் யோசிக்கறேன். எல்லாமே செஞ்சிட்டாரு."

செடிக்குப் பின்னால் ரொட்டிக்காரர் வெற்றியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆங், ஜன்னல் துடைக்கணும்! கொஞ்சம் சத்தமாவே சொல்லிடறேன் சார். நேத்து ஒட்டடைன்னு ரெண்டு தரம் சொன்னப்புறம்தான் செடிக்குப் பின்னாடி கேட்டுது போலிருக்கு."