நேர்கோட்டில் போன அவசரச் சேமிப்பு

ஏப்ரல் முதல் தேதி. பள்ளிக்கூடத்தில் புது வகுப்பு தொடங்கும் முன்பே, குவாபாரா தெத்சுவோ தன் வீட்டுச் சமையலறையில் வகுப்பைத் தொடங்கிவிட்டார். மாணவி ஒருத்திதான். மனைவி மிசாவோ. அவளும் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"இனிமே நம்ம வீட்டு அவசரச் சேமிப்பு நேர்கோட்டுல போகும்" என்றார்.

"இத்தனை நாளா எதுல போச்சாம்?"

"உன் மனசுல போச்சு. அதுக்கு வரைபடம் கிடையாது."

தெத்சுவோ நகாவோகா ஊரில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் எப்படியோ அப்படியே அவர் வீட்டிலும் சம்பளம் முழுசாக மனைவி கைக்குப் போய்விடும். மாதம் இருபத்தைந்தாம் தேதி அவள் ஓர் உறையில் முப்பதாயிரம் யென் வைத்து, இரண்டு கையாலும் நீட்டுவாள். கைச்செலவுக்கு. அவரும் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்குவார். தான் சம்பாதித்த பணத்தைத் தானே கும்பிட்டு வாங்குகிறோமே என்று அவருக்கு அவ்வப்போது தோன்றும். தோன்றும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குனிந்து அதை மறைத்துவிடுவார்.

இந்த வருஷம் மறைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு கட்டத்தாளை ஒட்டினார்.

"கேளு. கையிருப்பு ஐம்பதாயிரம். மாசாமாசம் இருபதாயிரம். எத்தனை மாசமோ அது x. சேர்ந்த மொத்தம் y. ஆக, y = 20,000x + 50,000. புரிஞ்சுதா?"

"இருக்கறதோட மாசாமாசம் போடறதைக் கூட்டணும். அவ்வளவுதானே?"

"சுருக்கமா சொன்னா அவ்வளவுதான். ஆனா கணக்குங்கறது ரொம்ப ஆழம்."

"சரிங்க."

"பணம் இந்தக் கடல்பாசி டப்பாவுல. மாசம் ஒரு தடவை போட்டுட்டு, தாள்ல ஒரு சிவப்புப் புள்ளி வை. வர்ற மார்ச் வரைக்கும் புள்ளி கோட்டை விட்டு நகராம இருந்தா, வங்கிப் புத்தகம் என் கைக்கு வரணும். சம்மதமா?"

மிசாவோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

இரண்டு தடவை 'சரிங்க' வந்தபோதே அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

மாதங்கள் ஓடின. ஏப்ரல் மாதப் புள்ளி கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. மே, ஜூன், எல்லாமே அப்படித்தான். இம்மி பிசகவில்லை. தெத்சுவோ காலையில் பால் எடுக்க வருவார், தாளைப் பார்ப்பார், பாலை மறந்துவிட்டுப் போவார். ஆசிரியர் அறையில் சக வாத்தியார்களிடம், "வீட்டு நிர்வாகம்னா என்ன பெரிசு? ஒரு சமன்பாடு போதும்" என்பார். டப்பாவை மட்டும் திறந்ததில்லை. இருபத்தெட்டு வருஷமாக வீட்டுப் பணத்தில் கை வைக்காத கை. மூடி வரைக்கும் போகும், கூச்சப்பட்டுத் திரும்பிவிடும்.

அவரிடம் இன்னொரு கோடும் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. தன் கைச்செலவுப் பணத்தில் மாதம் மூவாயிரம் மிச்சம் பிடித்து, பழைய பாடப்புத்தகம் ஒன்றில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்துவந்தார். நல்ல தூண்டில் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. அதற்காகப் பள்ளிக்கூட வாசலில் இருந்த காப்பி இயந்திரத்தைப் பத்து மாதமாக முகம் கொடுத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி வந்தது. கூரை வரை பனி. மிசாவோ வழக்கம்போல, "ஏங்க, பொம்மைப் பெட்டியை இறக்கிக் குடுங்க" என்றாள். பெண் குழந்தைகள் நலமாக இருக்க வேண்டி மார்ச் மூன்றாம் தேதிக்கு முன்னால் வைக்கும் ராஜா ராணி பொம்மைகள் அதில் இருந்தன. மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஆனாலும் அவள் வைப்பாள். பொம்மைக்கு முன் கைகூப்பி, இரண்டு பேர் பெயரையும் முணுமுணுப்பாள். பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவது அவர் வேலை. திறப்பது அவள் வேலை.

"வருஷா வருஷம் கனம் கூடிட்டே போகுதே!" என்றார்.

"உங்களுக்கு வயசு கூடுதுங்க" என்றாள்.

மறுநாள் காலை குளியலறை ஹீட்டர் ஒரு தடவை இருமியது. அப்புறம் மூச்சை விட்டுவிட்டது. நகாவோகாப் பனியில் வெந்நீர்க் குளியல் இல்லாத வீடு வீடே அல்ல. பழுது பார்க்க வந்த மொரோஹாஷி முன்பு தெத்சுவோவிடம் படித்தவர். இப்போது தலையில் பாதி நரை.

"சார், இதுக்கு இனி உயிர் கிடையாது. புதுசுதான். மாட்டற கூலியோட ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்."

"அவ்வளவா? சரியா கூட்டினியாப்பா? நீ கணக்குல அப்பவே..."

"அப்ப நீங்க எனக்கு இருபத்தெட்டு மார்க் போட்டீங்க சார். இப்ப நான் உங்களுக்கு இருபத்தெட்டு பத்தாயிரம் யென் நோட்டு போட்டிருக்கேன்."

தெத்சுவோ கட்டத்தாளுக்கு ஓடினார். பத்து மாதம். இரண்டு லட்சம், அதோடு ஐம்பதாயிரம். இரண்டரை லட்சம். முப்பதாயிரம் குறைகிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்ததும் சரியாக முப்பதாயிரம்.

மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். தூண்டில் ஒரு பக்கம் இழுத்தது. குளிரில் விரல் சிவந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மிசாவோ இன்னொரு பக்கம். அவர் கெட்ட மனிதர் இல்லை. போய் எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் பழைய கடனைத் திருப்பிக் குடுத்தார். இதையும் சேர்த்துக்கோ. டப்பாவைத் திற!"

அவள் அசையவில்லை. அவரே திறந்தார்.

உள்ளே கடல்பாசி இருந்தது. கடல்பாசி மட்டும்தான் இருந்தது.

"மிசாவோ! பணம் எங்கே?"

"ஏப்ரல்ல பேத்திக்குச் சீர் செஞ்சோம். ஜூன்ல காருக்குப் பரிசோதனை. ஆகஸ்ட்ல மூணு சாவு வீட்டுக்கு உறை வெச்சோம். ஒரு மாசம் நாப்பதாயிரம் மிஞ்சும், ஒரு மாசம் ஒண்ணுமே மிஞ்சாது. நம்ம வீடு கோட்டுல போற வீடா?"

"ஆனா புள்ளி எல்லாம் கோட்டு மேல இருக்கே!"

"கோடு நீங்க போட்டு வெச்சுட்டீங்க. அதுமேல புள்ளி வைக்கப் பணம் எதுக்குங்க? சிவப்புப் பேனா போதுமே."

தெத்சுவோ சிவப்புப் புள்ளி ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"உங்க வகுப்புல ஒரு பையன் பத்துப் பரீட்சையிலயும் அடிச்சுத் திருத்தாம ஒரே மாதிரி எழுதினா, காப்பியடிச்சான்னு சந்தேகப்படுவீங்க. என்னை மட்டும் ஏங்க சந்தேகப்படல?"

"உன்னை எப்படிம்மா சந்தேகப்படுவேன்?"

அதைக் கேட்டதும் அவள் முகம் இளகியது. பொம்மைகளிடம் போய்க் கைகூப்பினாள். பொம்மைகளை வெளியே எடுத்தபின் காலி என்று அவர் நினைத்திருந்த பெட்டியின் அடியிலிருந்து பட்டுத்துணி மூட்டை ஒன்றை எடுத்தாள். அவிழ்த்தாள். நோட்டும் நாணயமுமாக ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.

"ஒம்பது வருஷத்துல உங்க சம்பளம் ஏறிச்சு. உங்க கைச்செலவு ஏறல. அந்த வித்தியாசத்துல முடிஞ்சப்போ முடிஞ்சதை வெச்சேன்."

வருஷா வருஷம் ஏணி போட்டு அந்தக் கனத்தை இறக்கியதும் ஏற்றியதும் யார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மாலையில் புது ஹீட்டர் உறுமியது. தெத்சுவோ கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. அவருக்குக் கண் நிறைந்தது. எத்தனை நோய், எத்தனை செலவு, எத்தனை கல்யாணம்! ஒரு நாளாவது 'இல்லை' என்ற வார்த்தை இந்த வீட்டில் கேட்டிருக்கிறதா? இப்படி ஒருத்தியைத் தந்த தெய்வத்துக்கு நன்றி என்று தண்ணீருக்குள்ளேயே கைகூப்பினார். நன்றி முற்றியதும் பொய் உறுத்தியது.

"மிசாவோ! இருக்கியா?"

"துண்டு வெச்சிருக்கேங்க" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"வங்கிப் புத்தகம் உன்கிட்டயே இருக்கட்டும்மா. அப்புறம்... அந்த முப்பதாயிரம் யாரும் திருப்பிக் குடுத்த கடன் இல்ல. ஏப்ரல்லேருந்து மாசாமாசம் என் கைச்செலவுலதான் ஒளிச்சு வெச்சேன். மன்னிச்சுடு. நீ எனக்கு எவ்வளவு செஞ்சிருக்கே! உன்கிட்டப் போய் மறைச்சேனே!"

வெளியே மெல்ல முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தார்.

"ஏங்க, தொடக்கத்துல ஒண்ணும் இல்லீங்களே? சைபர்தானே?"

"சைபர்தாம்மா."

"ஏப்ரல்லேருந்து ஜனவரி. x பத்து. y முப்பதாயிரம். அப்போ மாசம் மூவாயிரம் உங்களுக்கு வேண்டியிருக்கல." அவள் குரலில் அவ்வளவு பணிவு. "அடுத்த மாசத்துலேருந்து உறையில இருபத்தேழாயிரம் வெச்சா போதும், இல்லீங்களா?"

தெத்சுவோ மூக்கு வரை தண்ணீருக்குள் போனார். இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில், சமன்பாட்டை வாழ்க்கையில் பயன்படுத்திய ஒரே மாணவி அவள்தான்.