ஆளைப் படுக்க வைத்து வூடு அளந்தவர்

அந்தக் காலத்தில் தர்மபுரிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில் எழும்பின வூடுகளில், சுவர் வைக்கிறதுக்கு முன்னால் ஆள் மண்ணில் விழுந்து படுக்காத வூடு ஒன்றுகூடக் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன். மணியக்காரர் படுத்தார், மளிகைக்கடைக்காரர் படுத்தார், மளிகைக்கடைக்காரரின் ஆத்தாளும் படுத்தார். அத்தனை பேரையும் படுக்க வைத்தவர் ஒரே ஆள். அவர் பேர் என்ன என்று எவனுக்கும் தெரியாது. படுக்கை மேஸ்திரி என்று சொன்னால் வத்தல்மலையில் சாமை அறுக்கிறவன்கூட இறங்கி வந்து வழி காட்டுவான்.

நான் படித்தது ரெண்டாம் கிளாஸ். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நான் சொல்லச் சொல்ல என் பேரன்தான் இதைத் திருத்தி எழுதுகிறான். ஆனால் புளியை மோந்து பார்த்தே அது ஏரிக்கரை மரமா, கல்லாங்காட்டு மரமா என்று சொல்லிவிடுவேன். பி.ஏ. படித்தவனைச் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம். ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

மற்ற மேஸ்திரிகள் எல்லாம் மனையடி சாஸ்திரம் பேசுவார்கள். இத்தனை அடி வந்தால் லட்சுமி, அத்தனை அடி வந்தால் மூதேவி என்பார்கள். நம்மாளுக்கு அதெல்லாம் ஆகாது. தோளில் ஒரு சாக்குப்பை, பை நிறையச் சலித்த சாம்பல், கையில் ஒரு குச்சி. வெறும் மனையில் வந்து நின்று, "வூட்டுல யாரு யாரு இருக்கப்போறீங்க? எல்லாம் வந்து படுங்க" என்பார். யார் எங்கே படுக்கிறார்களோ, அவர்களைச் சுற்றிச் சாம்பலில் கோடு. அதுதான் ரூம்பு. ஆனேக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். படுக்கத் தயங்கினால் கோபத்தில் கன்னடம் வந்துவிடும். "மலக்கோ! மலக்கோ!" என்று குச்சியை ஆட்டுவார். படு, படு என்று அர்த்தம்.

கேள்வி கேட்டால் ஒரே பதில்தான். "ரூம்புன்னா ஆளு படுக்கிற எடம். ஆளு படுக்காத ரூம்புல என்ன படுக்கும்? தேளு படுக்கும்."

மணியக்காரரை உச்சி வெயிலில் படுக்க வைத்தார். கரைவேட்டியோடு அவர் மல்லாக்கக் கிடக்க, சுற்றிலும் ஆட்கள் கைகட்டி நிற்க, அந்த வழியாக வண்டியில் வந்தார் அவருடைய பங்காளி ஒருத்தர். குதித்து இறங்கினார். "அய்யோ அண்ணா, போயிட்டியா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தார். அழுத அழுகையில் வாய் திறந்துகொண்டது. "மேக்காட்டு வரப்பை நாந்தாண்ணா நவுத்தி வெச்சேன். என்னை மன்னிச்சுரு அண்ணா!"

செத்தவர் எழுந்து உட்கார்ந்தார். "எத்தினி அடிடா நவுத்துன?"

மேஸ்திரி பதறிப்போய்க் கத்தினார். "எந்திரிக்காதீங்க, கோடு அழியுது!"

மளிகைக்கடைக்காரர் வூட்டில் வேறு தகராறு. சமையக்கட்டு ஒன்றா, ரெண்டா என்று வூட்டுக்குள் முடிவாகவில்லை. மேஸ்திரி மாமியாரையும் மருமகளையும் சாம்பல் கோட்டுக்குள் நிறுத்தி, "சண்டை போடுங்கம்மா, பார்க்கலாம்" என்றார்.

"சும்மா இருக்கையில எப்பிடிங்க மேஸ்திரி சண்டை வரும்?" என்று ரெண்டு பேரும் வெட்கப்பட்டார்கள்.

"சரி வுடுங்க. மருமவ வெக்கிற அவரைக்கொட்டைக் கொழம்பு எப்பிடிங்கம்மா?"

"நல்லாத்தான் வெப்பா, கொறை சொல்லக்கூடாது. உப்புதான் எங்க ஆயா காலத்துக்கும் சேர்த்துப் போட்டுருவா."

"ஆமா, நீங்க வெச்ச கொழம்பைத் தின்னுட்டுத்தான் நாயி இந்தத் தெருவையே வுட்டு ஓடிப்போச்சு!" என்றாள் மருமகள்.

மேஸ்திரி ஒரு பிடி சாம்பலை எடுத்து ரெண்டாவது அடுப்புக்குக் கோடு போட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன். ஹிட்லர் சண்டை ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மூணு வருசம் முன்னால். அப்பன் ஆத்தாளை வாந்திபேதி கொண்டுபோனபோது நான் இடுப்பில் துணி கட்டாத பயல். கூடப்பிறந்தது யாரும் இல்லை. புளி தட்டுகிற கூலியாக ஆரம்பித்து, முப்பது வயசுக்குள் சொந்த மண்டி வைத்தேன். எவன் தயவும் இல்லை. ஊரில் என்னை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். மொதலாளி சாயங்காலம் ஆனால் மண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு புளி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வார். அதை யாரும் பார்த்ததில்லை.

தரகர் கம்பைநல்லூரில் ஒரு பொண்ணு இருக்கிறது என்றார். பொண்ணோட அப்பா கேட்டது ஒரே கேள்வி. "மாப்ளைக்கு வூடு வாசல் இருக்குதா?" கட்டப்போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "அப்போ வியாழக்கெழமை வந்து மனையாச்சும் பார்க்கிறோம்" என்றார். பாப்பாரப்பட்டி ரோட்டில் நல்ல இடமாக வாங்கிப்போட்டிருந்தேன். எட்டு ரூம்புக்குக் கோடு போட்டுக் காட்டிவிட்டால் மனுசன் மயங்கிவிடுவார் என்று கணக்கு. மேஸ்திரியைக் கூட்டிவந்தேன்.

"எட்டு ரூம்பு போடுங்க" என்றேன்.

"யாரு யாரு இருக்கப்போறீங்க?"

"நானு."

"அப்பறம்?"

"அப்பறமும் நானுதான்."

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு ஆளு எட்டு ரூம்புல எப்பிடிப் புளிக்காரரே படுப்பீங்க? துண்டு துண்டாவா?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான். வூடு இருந்தால்தான் பொண்ணு. ஆள் இருந்தால்தான் வூடு. கையில் காலில் விழுந்து பார்த்தேன். மனுசன் மசியவில்லை. நானும் லேசுப்பட்டவனா? ஆள்தானே வேணும்! புதன்கிழமை காலையில் ஆளோடு போனேன்.

அன்றைக்கு மட்டும் வண்டிக்காரன் மாரி என் தம்பி. மண்டியில் கொட்டை எடுக்கிற காவேரியம்மா என் சின்னாத்தா. ரெண்டு பேரும் மனையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். "படுத்துக்கினு இருக்கறதும் ஒரு வேலைங்களா மொதலாளி? தெனத்துக்கும் வூடு கட்டுங்க" என்று காவேரியம்மா சிரித்தாள். நான் கண்ணைக் காட்டி அடக்கினேன்.

மேஸ்திரி கோடு போடவில்லை. மாரி பக்கத்தில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார். "ஏம்ப்பா, உங்கண்ணனுக்கு என்ன கொழம்பு புடிக்கும்?"

மாரி முழித்தான். "புளிக்கொழம்புங்க."

எனக்குப் புளி வாசனையே ஆகாது. பகலெல்லாம் அதில்தானே கிடக்கிறேன். ஆனால் மாரிக்கு எப்படித் தெரியும்? என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஆள் எவன் இருக்கிறான்?

"சரி, அண்ணனுக்கு மேலுக்கு முடியலைன்னா யாரு கஞ்சி வெப்பீங்க?"

மாரி பொய் சொல்லத் தெரியாதவன். யோசித்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டான். "அவருக்கு முடியாமப் போனா எங்களுக்கு எங்கீங்க தெரியும்? கதவைச் சாத்திக்குவாரு. ரெண்டு நாளு கழிச்சு அவரே தொறப்பாரு."

காவேரியம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். எழுந்து சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு, என் மூஞ்சியைப் பார்க்காமல், "நா போறனுங்க, மண்டியில வேலை கெடக்குது" என்று நடந்தாள். மாரியும் பின்னாலேயே போனான்.

மேஸ்திரி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நீங்க படுங்க புளிக்காரரே" என்றார். குரல் மெத்தென்று இருந்தது. படுத்தேன். சுற்றிக் கோடு போட்டார். அவ்வளவு பெரிய மனையில் நடுவாக ஒரே ஒரு ரூம்பு. எழுந்து பார்த்தேன்.

"இது என்னா, வூடா, சமாதியா?"

"ஆளு ஒண்ணு, ரூம்பு ஒண்ணு. பொய்க்கோடு போட எனக்குக் கை வராது."

மறுநாள் கம்பைநல்லூர்க்காரர் வந்தார். மனையைச் சுற்றி நடந்தார். அந்த ஒற்றைக் கட்டத்தைப் பார்த்தார். "மிச்சம் எங்கீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "மிச்சம் உங்க பொண்ணு வந்து படுத்ததுக்கு அப்பறமுங்க."

கல்யாணம் ஆகாத பொண்ணைப் பெற்ற ஆளிடம் சொல்கிற பேச்சா இது! மனுசன் துண்டை உதறித் தோளில் போட்டார். தரகர் பின்னாலேயே ஓடினார். கொண்டுவந்து வைத்த மோரைக்கூடத் தொடவில்லை. வண்டி கிளம்பிப் புழுதி அடங்கினபோது மனையில் நானும் மேஸ்திரியும்தான் மிச்சம்.

பின்னால் எனக்கு வேறு ஊரில் பொண்ணு அமைந்தது, நாலு பையன் பிறந்தான், இன்றைக்கு என் வூட்டில் பந்தி போட்டால் ரெண்டு வரிசை உட்காரும். அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாதே. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். "உனக்கென்னய்யா தெரியும், வூடு வாசல் இல்லாதவன் கஷ்டம்? ஊரான் ஊரானையெல்லாம் படுக்க வெச்சியே, நீ எங்கய்யா படுக்கிற?"

"எந்த வூட்டுல வேலையோ, அந்த வூட்டு மணல் குமிமேல" என்றார். "வூடு முடிஞ்சா கெளம்பிருவேன். அவங்க கதவு வெச்சுருவாங்க இல்ல?"



அவர் சாம்பல் பையைத் தோளிலிருந்து இறக்கினார். அப்புறம் அதை என் கையில் கொடுத்துவிட்டு, என் கட்டத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்தார். அத்தனை பேரைப் படுக்க வைத்த மனுசன், படுக்கத் தெரியாதவர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்மேல் வைத்து, மெதுவாகப் படுத்தார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"பார்த்துக்கினே நின்னா எப்பிடி? கோடு போடுங்க" என்றார், வானத்தைப் பார்த்தபடி. "நடுச்சுவரை மட்டும் ரெண்டு கல்லு கனமா வெச்சுக்குங்க. நா ரொம்ப கொறட்டை வுடுவேன்."

குனிந்து கோடு போட்டேன். கோழி கிளறின கோடுதான்.

"சுவரு ஒத்தைக் கல்லே போதும் மேஸ்திரி" என்றேன். "பக்கத்துல ஒரு ஆளு தூங்கறது காதுல வுழட்டும்."